இடமில்லை என்பது

ஸ்போர்ட்ஸ் காரில் உல்லாசப் பிரயாணம் கிளம்புகிறவன் எந்த மாதிரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவது என்பது தத்துவ விசாரத்துக்குரிய விஷயமா? இந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தபோது எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்க்கப் பார்க்க, சிரிப்பு எங்கோ போய்விட்டது.

முதலில் பெட்டியைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அது ஒரு தனிக் கலை. இரண்டு பேர் உட்காரும் திறந்த காரில் டிக்கி என்று ஒன்று இருக்கிறதே தவிர, அதை டிக்கி என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும். மாஸ்டா கம்பெனியின் எம்.எக்ஸ்.5 என்று உலகமெல்லாம் ஓடுகிற ஒரு கார். அதன் டிக்கி ஏறக்குறைய 130 லிட்டர். நம் சமையலறைக் காஸ் சிலிண்டர் நான்கை அடுக்கினால் தீர்ந்தது. சில கார்களில் மடக்கிய கூரையும் வந்து அதிலே பங்கு கேட்கும். போர்ஷே கம்பெனியின் பழைய 911 காரிலே எஞ்சின் பின்னால் இருப்பதால் சாமான் வைக்கிற இடம் முன்னால் இருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பின்பக்கத்தைத் திறந்து பெட்டியை வைக்கப் போய்த் திகைப்பார்கள். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு விமானத்தில் கொண்டுபோகிற கட்டிப் பெட்டி உதவாது. சக்கரமும் இழுக்கும் கம்பியுமே முக்கால் இடத்தைத் தின்றுவிடும். துணிப் பையோ தோல் பையோதான் சரி. ஒரு பெரிய பையைவிட மூன்று சிறிய பைகள் நல்லவை. பூட்ஸை மூலையில் செருகலாம். பணம் படைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டமும் இல்லை. இத்தாலியில் மோதெனா நகரத்தில் ஸ்கெதோனி என்ற தோல் வேலைக் குடும்பத்தார், ஃபெராரி கார்களின் பள்ளம் மேடுகளை அளந்து, அதற்கென்றே பைகள் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டிக்குத் தக்கபடி பெட்டி மாறுவது புதிதல்ல. கோச்சு வண்டியின் கூரைமேல் மழைத் தண்ணீர் தங்காமல் வழிந்தோட வேண்டும் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் டிரங்குப் பெட்டியின் மூடியை வளைவாகச் செய்தார்கள். ரயிலும் கப்பலும் வந்தபோது ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டியிருந்தது. பாரிஸில் லூயி வுய்ட்டான் 1858-இல் தட்டையான மூடி வைத்த பெட்டியைக் கொண்டுவந்து பேர் வாங்கினார். நம் பக்கத்தில் மாட்டு வண்டிக்கு டிரங்குப் பெட்டி, ரயிலுக்கு ஹோல்டாலும் கூஜாவும், பஸ்ஸுக்கு மஞ்சள் பை. பெட்டி வண்டியைப் பின்பற்றுகிறது. அதுவரை நியாயம். மனிதர்களும் பெட்டியைப் போல வண்டிக்குத் தக்கபடி அடுக்கப்படுகிறார்களே, அதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

கேள்வி கொண்டுவந்தவர் கரையான்சாவடிக்காரர். நாற்பது வயசு. ஆவடி ரோட்டில் இரும்புச் சாமான் வியாபாரம். தகப்பனார் ஒரு சைக்கிளில் ஆணியும் கீலும் கட்டி வைத்துக்கொண்டு ஆரம்பித்த கடையை இவர் மூன்று மாடியாக்கினார். சின்ன வயசிலிருந்து ஒரு ஆசை. பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் மோட்டார் பந்தயத் திடல் வந்ததல்லவா? அப்போது பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த பையன். கொஞ்சம் வளர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வேலி ஓரத்தில் நின்று கார் பார்த்துவிட்டு வருவாராம். அந்த ஆசைக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு சிவப்புக் காரை, இரண்டாம் கையாகத்தான், வாங்கி வந்துவிட்டார். பெயர் வேண்டாம். இரண்டே இருக்கை. நாற்சந்தியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே, தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையில், அது மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை சந்தைக் கூட்டத்தில் நிற்பது போலிருக்கும்.

"எட்டு நாள் டூர் சார். கொடைக்கானல், அப்படியே மூணாறு. நானும் அவளும் மட்டும். பையனை மாமியார் வீட்டிலே விட்டிருக்கு. எந்தப் பெட்டி வாங்கினா நல்லாயிருக்கும்? நீங்க நாலு ஊர் சுத்தினவரு, சொல்லுங்க" என்றார். கையில் இஞ்சு டேப்.

அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபது வயசு இருக்கும். கொடைக்கானல் என்று காதில் விழுந்ததும், "பழனி வழியாத்தானேப்பா போவணும்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அப்படியும் போகலாம்."

"உங்கப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ வேண்டிக்கிட்டது. அப்படியே நின்னு போச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாயாரைப் பார்த்தார். "இடமில்லையேம்மா. வண்டியிலே ரெண்டு சீட்டுதான். அடுத்த தடவை பெரிய வண்டி எடுத்துட்டுப் போலாம்" என்றார்.

"நான் எங்கப்பா வரேன்னு சொன்னேன்? சும்மா கேட்டேன். எனக்கு இருந்தா ஒரு மஞ்சப் பை, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கீரைத் தண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

இதில் யார் என்ன தப்புச் செய்தார்கள்? ஒன்றுமில்லை என்றுதான் உலகம் சொல்லும். இரண்டு சீட்டு வண்டியில் மூன்றாவது ஆள் ஏற முடியாது. ஏற்றினால் போலீஸ்காரரே விடமாட்டார். அவர் சொன்னதில் ஒரு அட்சரம் பொய் கிடையாது. ஆனாலும் அந்தத் திண்ணையில் ஒரு பொய் சொல்லப்பட்டது என்ற உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது. அது எங்கே இருந்தது என்று தேடத்தான் இந்தக் கட்டுரை.

இடமில்லை என்று ஒருவன் சொல்லும்போது, அந்த இடத்தை அளந்தவன் யார் என்று கேட்க வேண்டும். பஸ் கண்டக்டர் இடமில்லை என்றால் அது வேறு. பஸ்ஸை அவர் செய்யவில்லை. காரை வாங்கினவர் இவர். தாயார் உயிரோடு இருக்கிறார், மகன் இருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்து, கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பழனிக்கு அம்மா வரக்கூடாது என்ற முடிவு அந்தக் கையெழுத்திலேயே அடங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்கு அது தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் நம்முடைய முக்கியமான தீர்மானங்களில் பாதி இப்படித்தான் நடக்கின்றன. தர்ம சங்கடம் வந்து வாசலில் நின்று கதவைத் தட்டும், நாமும் எழுந்து உட்கார்ந்து தர்ம நியாயங்களைச் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்வோம் என்று புத்தகங்கள் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. வாழ்க்கையில் அது கதவைத் தட்டுவதேயில்லை. ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்து, "ரெண்டு பெட்ரூம் போதும்" என்று சொல்கிறோமே, அந்தச் சாதாரண நிமிஷத்தில் அது வந்துவிட்டுப் போய்விடுகிறது. பத்து வருஷம் கழித்துத் தகப்பனார் ஊரைவிட்டு வந்து நிற்கும்போது, "ஐயோ, இடமில்லையே" என்று உண்மையாகவே வருந்துகிறோம். வருத்தம் நிஜம். இடமில்லாததும் நிஜம்.

'நேரமில்லை' என்பதும் இதே ஜாதிதான். அதைத் தனியே எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

இந்தச் சென்னைப் பட்டணத்து மோட்டார் சரித்திரத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற கார் வந்தது. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1962-இல் அதே கம்பெனி, அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டியைக் கொண்டு ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. வாலிபர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். நம் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் 1961 முதல் ஹெரால்டைச் செய்தார்கள் அல்லவா? அவர்களும் பிற்காலத்தில் அதை மாற்றினார்கள். எப்படித் தெரியுமா? இங்கிலாந்தில் இரண்டு கதவோடு இருந்த வண்டிக்கு, இங்கே நான்கு கதவு வைத்தார்கள். பின்னால் உட்காருகிற பாட்டி, முன் சீட்டை மடக்கிவிட்டு முதுகை வளைத்து ஏற முடியாது என்பது இங்கே தெரிந்திருந்தது. ஒரே எலும்புக் கூடு. ஓர் ஊரில் அது குறுகி இரண்டு பேருக்காயிற்று, இன்னோர் ஊரில் கதவைத் திறந்து ஏழு பேருக்காயிற்று. ஏழு பேர் என்பது மிகையல்ல. ஹெரால்டில் திருப்பதி போய் வந்த குடும்பங்கள் சென்னையில் இன்னும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் மடியில், டிபன் காரியர் காலடியில், படுக்கைச் சுருட்டு கூரைமேல்.

அளவு என்பது இரும்பிலே மட்டும் இல்லை என்று சொல்ல வருகிறேன். திருக்கோவலூர் இடைகழிக் கதை நாம் எல்லோரும் கேட்டதுதான். மழை கொட்டும் ராத்திரி. பொய்கையார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தார் வந்து இடம் கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து உட்காருகிறார் முதலில் வந்தவர். பேயார் வந்ததும், மூவர் நிற்கலாம் என்று எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அதன் பிறகுதான் நாலாவதாக யாரோ நெருக்குவது தெரிகிறது. பக்தி சமாசாரத்தைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது, இடைகழி ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை என்பதுதான். அற்புதம் செய்து சுவரைத் தள்ளி வைத்திருக்கலாம். கதை சொன்னவன் அப்படிச் சொல்லவில்லை. படுத்தவர் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் நின்றார்; இடம் அப்படித்தான் உண்டாயிற்று.

சரி, அப்படியானால் மனிதன் எப்போதும் ஒரு காலி நாற்காலியோடுதான் திரிய வேண்டுமா? இதற்கு ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். தாய்ப் பாசத்தைப் பற்றி நாலு வரி எழுதி எல்லோருடைய கண்ணையும் கசிய வைத்துவிடலாம். ஆனால் அந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். அவளைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம்.

அந்தப் பெண் கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அந்த வீட்டுப் பெரிய காரில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. முன் சீட்டு மாமியாருக்கு. முழங்கால் வலி, காலை நீட்ட வேண்டும். நியாயம்தான். பின் சீட்டில் பிள்ளை, மடியில் பை, காலடியில் தண்ணீர்க் குடம், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் உறை. புருஷனுடைய பிடரியைப் பார்த்தபடியே அவள் ராமேஸ்வரம் வரை போய் வந்திருக்கிறாள். கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அந்தப் பிடரியைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்று மாடி வீடு கட்டினாலும், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இரண்டு பேர் பேசினால் "என்ன ரகசியம்?" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. அந்தச் சிவப்பு வண்டி அவளுக்கு வண்டியில்லை, தாழ்ப்பாள். எட்டு நாள் முன் சீட்டில், பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டோ பேசாமலோ ஒரு மலைப்பாதையில் போவதற்கு அவளுக்குப் பாத்தியதை இல்லை என்று எந்தத் தர்ம சாஸ்திரத்தைக் காட்டி நான் சொல்வது?

ஆகவே அவர்கள் இரண்டு பேராகப் போவதில் எனக்குக் குறை இல்லை. போகத்தான் வேண்டும். திண்ணையில் நடந்த பொய் வேறு. அவர் சொல்லியிருக்க வேண்டியது, "அம்மா, இந்தத் தடவை நாங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வரலாம்னு ஆசைப்படறோம்" என்பது. ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வாய் கூசியதால் காரைப் பேச விட்டார். நாற்பது வயசு மனுஷன் தன் ஆசையை, வாயில்லாத ஒரு இரும்புப் பெட்டியின் தலையில் கட்டினார். இடமில்லை என்பதற்கும் மனமில்லை என்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம் அவருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் என் முகத்தைப் பார்த்தார்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த அம்மாளுக்குச் சங்கடம் ஏற்படாமல் மெதுவாகச் சொன்னதாகக்கூட வாதாடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. பிள்ளை தன் ஆசையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கோபித்திருப்பார். ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருப்பார். தான் புருஷனோடு தனியாக எங்கும் போனதில்லை என்ற பழைய கதையைச் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுப் பிறகு, "போய்ட்டு வாங்க" என்றும் சொல்லியிருப்பார். ஆசையோடு சண்டை போடலாம், ஆசையை மன்னிக்கவும் செய்யலாம். டிக்கியோடு யார் சண்டை போடுவது? ஆதலால்தான் அவர் "நான் எங்கப்பா வரேன்னு சொன்னேன்?" என்று தன் பக்கத்திலிருந்தும் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவர் சொன்ன நாகரிகப் பொய்க்கு மற்றவர் கொடுத்த சில்லறை அது.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கொஞ்சம் சாமானோடு பிரயாணம் போவதை ஒரு துறவு மாதிரிப் புகழ்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இரண்டு பை, அவ்வளவுதான், மனசு லேசாக இருக்கிறது என்கிறார்கள். லேசாகத்தான் இருக்கும். போகிற ஊரில் ஹோட்டல்காரன் துண்டும் சோப்பும் வைத்திருக்கிறான். சட்டை அழுக்கானால் வெளுத்துக் கொடுக்கிறான். மறந்துபோனதை வாங்கப் பையிலே கார்டு இருக்கிறது. அவர்களுடைய மூட்டை ஊர் ஊராக முன்னாலேயே இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பூந்தமல்லி பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால், வேலை தேடி வந்து இறங்குகிற குடும்பங்கள் தெரியும்: பிளாஸ்டிக் வாளி, பாய், ஸ்டவ், அரிசிச் சாக்கு. ஏழைதான் வீட்டையே தூக்கிக்கொண்டு பிரயாணம் செய்கிறான். ரயில்வேக்காரர்களுடைய கணக்கிலும் ஒரு தமாஷ் உண்டு. ஏ.ஸி. முதல் வகுப்பில் போகிறவருக்கு இலவசமாக 70 கிலோ சாமான் கொண்டுபோகலாம், ஸ்லீப்பரில் 40, இரண்டாம் வகுப்பில் 35. யாருக்கு மூட்டை அதிகமோ அவனுக்குச் சலுகை குறைவு.

முற்காலத்தில் இதை நம்மவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். சென்னையிலிருந்து மேற்கே வருகிற இந்தப் பழைய சாலையில் சில மைல்களுக்குள் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று மூன்று சாவடிப் பெயர்கள் வருகின்றன. சாவடி என்றால் வழிப்போக்கன் ராத்தங்குகிற இடம். சாவடி இருந்ததனால் அவன் பாயும் விளக்கும் சுமக்க வேண்டியதில்லை. பெயர் ஆராய்ச்சிக்காரர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு மட்டும் தலையையே கொடுக்க முன்வந்த வள்ளலின் பெயர் ஒரு சாவடிக்கும், சேர்த்து வைத்ததைத் தின்றுவிடும் பூச்சியின் பெயர் பக்கத்துச் சாவடிக்கும் அமைந்தது வெகு பொருத்தமாகப் படுகிறது. சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல்லும் நட்டார்கள். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல். தலைச்சுமைக்காரன் யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். ஒருவன் லேசாகப் போக இன்னொருவர் ஏதோ ஒன்றைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதைக் கல்லிலே ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். பக்கத்துத் திருமழிசையில் பிறந்த ஆழ்வார், தம் சீடன் கணிகண்ணனைக் காஞ்சி ராஜா நாடு கடத்தியபோது, கோயிலில் படுத்திருந்த பெருமாளையே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடக் கிளம்பச் சொன்னாராம். அவரும் சுருட்டிக்கொண்டு புறப்பட்டாராம். இடமில்லை, சௌகரியமில்லை, பிறகு பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகக் கதை இல்லை.

பெட்டி விஷயத்தில் அவருக்கு நான் யோசனை சொல்லாமலில்லை. சக்கரம் வேண்டாம், கனத்த துணிப் பை இரண்டு, ஷால் ஸ்வெட்டருக்குத் தனியாக ஒன்று; அந்தப் பெண்ணுடைய பையை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றேன். மற்றதையும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சென்ட்ரலிலிருந்து பாலக்காடு போகிற ரயில் பழனி வழியாகத்தான் போகிறது. அவர்கள் மலையிலிருந்து இறங்குகிற தேதிக்கு அந்த அம்மாள், துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, அதில் போய்ச் சேரலாம். பிள்ளையும் மருமகளும் அடிவாரத்தில் வந்து நின்றால் சரி. ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம். மஞ்சள் பைக்குத் தாராளம்.